புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறைக்குப் போக எந்தப் பட்டப்படிப்பு? மூன்று இடம் கிடைத்திருக்கிறது, முடிவெடுக்க முடியவில்லை

புதுவிசை:
எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. கணக்கும் இயற்பியலும் பிடிக்கும். சூரிய மின்சாரம் அல்லது காற்றாலை, இரண்டில் ஒன்றில்தான் வேலை செய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. விற்பனைப் பக்கம் வேண்டாம். வடிவமைப்பு, கணக்கீடு, சோதனை, இந்த மாதிரி வேலை வேண்டும்.

மூன்று இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியியல்’ என்ற பெயரிலேயே உள்ள நான்கு வருடப் பட்டம். துறை புதிது. இரண்டாவது எலக்ட்ரிக்கல், மூன்றாவது மெக்கானிக்கல். வீட்டில் மெக்கானிக்கல் எடு, எந்த வேலைக்கும் போகலாம் என்கிறார்கள். என் இயற்பியல் ஆசிரியர், போக வேண்டிய துறையின் பெயரே பட்டத்தில் இருக்கும்போது ஏன் சுற்றி வளைத்துப் போகிறாய் என்று கேட்கிறார். இரண்டு பக்கமும் சரியாகத்தான் தெரிகிறது.

இன்னொன்று. பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய ஒரு சின்ன டிசி மோட்டாரில் பிளாஸ்டிக் குழாயை வெட்டி மூன்று இறக்கை வைத்துக் காற்றாடி செய்தேன். வெள்ளை எல்இடி ஒன்றை இணைத்திருக்கிறேன். மெல்லிய காற்றில் காற்றாடி நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் விளக்கு எரிவதில்லை. பலமாக அடித்தால் ‘பளிச்’சென்று எரிகிறது. நடுவில் மங்கலாக எரியும் நிலை கிட்டத்தட்ட இல்லை. இது ஏன் என்றும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

காற்றுக்கோபுரம்:
தம்பியோ தங்கையோ, வணக்கம். மெக்கானிக்கல் படித்துவிட்டுக் காற்றாலை இறக்கை வடிவமைப்பில் பதினான்கு வருடமாக இருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்த எந்த இடத்திலும் ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியாளர்’ என்று ஒரு நாற்காலி இருந்ததில்லை. இறக்கையின் வடிவத்தைப் பார்ப்பவர் ஒருவர், அதன் ஃபைபர் அடுக்குகளைக் கணக்கிடுபவர் ஒருவர், கியர்பாக்ஸுக்கு ஒருவர், ஜெனரேட்டருக்கும் கன்வெர்ட்டருக்கும் ஒருவர், கண்ட்ரோலர் எழுதுபவர் ஒருவர், கோபுரத்தையும் அடித்தளத்தையும் பார்ப்பவர் ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு பழைய பொறியியல் பிரிவிலிருந்து வந்தவர். துறை புதியது, ஆனால் அதைத் தாங்குகிற அறிவெல்லாம் பழையது.

காற்றாலை என்றதும் எல்லோரும் இறக்கையின் வளைவைத்தான் நினைக்கிறார்கள். காற்றில் உள்ள ஆற்றலில் அதிகபட்சம் 59.3 சதவீதத்தைத்தான் எந்தக் காற்றாலையும் எடுக்க முடியும். இது பெட்ஸ் எல்லை, 27-இல் 16 பங்கு. நல்ல டர்பைன்கள் ஏற்கெனவே 45, 50 வரை வந்துவிட்டன. அந்தப் பக்கம் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். நாங்கள் இரவும் பகலும் மல்லுக்கட்டுவது வேறொன்றோடு. நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்று, அதுவும் இருபது வருடம் என்றால் ஏறக்குறைய பத்துக் கோடிச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் சொந்த எடையே அதை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் இழுக்கும். இப்போது கடலில் நிறுத்தும் பெரிய இறக்கைகள் நூறு மீட்டரைத் தாண்டிவிட்டன. இத்தனை கோடி முறை வளைந்து நிமிர்ந்தும் பிளவு விடாமல் இருக்க வேண்டும். இதற்குப் பொருள் வலிமை, அதிர்வியல், ஃபடீக் (திரும்பத் திரும்ப வளைவதால் பொருளுக்கு வரும் சோர்வு) எல்லாம் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். ‘காற்று ஆற்றல் அறிமுகம்’ என்ற ஒரு பாடத்தில் இவை வரவே வராது.

அதனால் மெக்கானிக்கல் எடுக்கச் சொல்வேன். காற்றாலை நுணுக்கங்களை மேற்படிப்பில் கற்கலாம், வேலையிலேயே கூடக் கற்கலாம்.

உங்கள் காற்றாடிக்கு வருகிறேன். காற்றிலுள்ள திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. மெல்லிய காற்றில் ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

மின்தடம்:
காற்றுக்கோபுரம் சொன்ன முதல் பாதி முழுக்கச் சரி. முடிவில்தான் மாறுபடுகிறேன். (நான் எலக்ட்ரிக்கல், பெரிய காற்றாலைகளையும் சோலார் நிலையங்களையும் கிரிட்டோடு, அதாவது மின் வலையமைப்போடு, இணைப்பதற்கான ஆய்வுகள் செய்வது என் வேலை.)

முதலில் காற்றாடி. மும்மடி விதி உண்மைதான், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பாதிப் பதில். திறன் மட்டும்தான் காரணம் என்றால் விளக்கு மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். நீங்கள் பார்த்தது அப்படி இல்லை. டிசி மோட்டாரை ஜெனரேட்டராகச் சுற்றினால் கிடைக்கும் வோல்டேஜ், சுற்று வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். அதற்கு நன்றாகக் கீழே இருந்தால் கரண்ட் கிட்டத்தட்டப் போகவே போகாது. மெல்லிய காற்றில் உங்கள் மோட்டார் ஒன்றரை, இரண்டு வோல்ட் தந்துகொண்டுதான் இருந்திருக்கும். விளக்குதான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. எல்இடியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உற்பத்தி செய்வது ஒன்று, செய்ததை எதிர்முனை வாங்கிக்கொள்வது இன்னொன்று. இன்று இந்தத் துறை முட்டிக்கொண்டு நிற்பது இரண்டாவதில்.

2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியா. பெரும் புயலில் உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. அடுத்தடுத்து வோல்டேஜ் சரிவுகள். காற்றாலைகள் எல்லாம் ஒரு சரிவைத் தாங்கும், இரண்டைத் தாங்கும். ஆனால் பல டர்பைன்களின் கண்ட்ரோலில், குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுக்கு மேல் வந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று ஓர் அமைப்பு இருந்தது. கிரிட்டை நடத்துபவர்கள் வைத்திருந்த கணினி மாதிரியில் அது பதிவாகவில்லை. எண்ணிக்கை தாண்டியது, நூற்றுக்கணக்கான மெகாவாட் ஒரே நேரத்தில் இறங்கியது. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் இணைப்புத் தடம் அந்தச் சுமையைத் தாங்காமல் ட்ரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுக்க இருள். இறக்கை, கியர்பாக்ஸ் எதுவும் பழுதாகவில்லை. மென்பொருளில் இருந்த ஓர் எண். பிறகு அதை மாற்றிவிட்டார்கள்.

அனல், நீர் மின் நிலையங்களில் பெரிய உருளைகள் சுழன்றுகொண்டே இருக்கும். கிரிட்டில் ஏதாவது ஆனால் அந்தச் சுழலும் எடையே சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கும். சோலாரிலும் பேட்டரியிலும் சுழல்வது எதுவும் இல்லை, டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் மட்டும்தான். அது கிரிட்டைப் பின்தொடர்வதா, கிரிட்டைத் தானே தாங்கி நிறுத்துவதா என்பதை அதன் கண்ட்ரோல் தீர்மானிக்கிறது. இதை எழுதத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்கப் போதவில்லை என்பதை என் வேலையில் தினமும் பார்க்கிறேன். பவர் சிஸ்டம்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ், கண்ட்ரோல். இந்த மூன்றும் ஆழமாகக் கிடைக்கும் இடம் எலக்ட்ரிக்கல்.

ஒளிப்பயணி:
இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நீங்கள் இருவரும் வேண்டாம் என்கிற பட்டத்தைப் படித்தவன். சோலார் நிலைய வடிவமைப்பில் ஏழு வருடம் ஆகிறது.

அந்தப் பட்டங்கள் எல்லாமே மேலோட்டம் என்று சொல்வது நியாயமில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 2000-லேயே ஒளிமின்னியலுக்கென்று தனி இளநிலைப் பொறியியல் பட்டம் தொடங்கிவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க மாட்யூல்களில் (பேனல்களில்) பரவியிருக்கும் பெர்க் என்ற சூரிய செல் வடிவம் மார்ட்டின் கிரீன் குழுவின் ஆய்வகத்திலிருந்து, அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே சூரிய செல்லை ‘அறிமுகம்’ என்று ஒரு பாடத்தில் முடிப்பதில்லை. குறைகடத்தி இயற்பியல், செல் தயாரிப்பு, மாட்யூல் சோதனை என்று அடுக்கடுக்காகப் போகிறது.

இந்தப் பக்கம் உள்ள ஆழத்தையும் பாருங்கள். ஒற்றைச் சந்தி கொண்ட, அதாவது அடுக்கி வைக்காத சாதாரண செல், ஒளியை மின்சாரமாக மாற்றுவதன் உச்ச எல்லை ஏறக்குறைய 33.7 சதவீதம் என்று ஷாக்லியும் க்வைசரும் 1961-இல் காட்டிய வழியில் கணக்கிட்டிருக்கிறார்கள். 1954-இல் பெல் ஆய்வகத்தின் சிலிக்கான் செல் 6 சதவீதம். இப்போது கடையில் வாங்கும் மாட்யூலே 20-ஐத் தாண்டுகிறது. எல்லையைத் தாண்டப் பெரோவ்ஸ்கைட் என்ற வேறொரு குறைகடத்தியை சிலிக்கான் மேல் அடுக்குகிறார்கள். இதற்கு எலக்ட்ரிக்கலும் போதாது, மெக்கானிக்கலும் போதாது.

எனக்கு அந்தப் பட்டம் தந்தது என்ன? முதல் வேலையில் முதல் வாரமே நிழல் கணக்கு, கதிர்வீச்சுத் தரவு, ஆண்டு உற்பத்தி மதிப்பீடு எல்லாம் செய்ய முடிந்தது. மற்றவர்கள் ஆறு மாதம் கற்றுக்கொண்டதை நான் கையோடு கொண்டுபோனேன்.

காற்றுக்கோபுரம்:
> எனக்கு அந்தப் பட்டம் தந்தது என்ன? முதல் வேலையில் முதல் வாரமே...

ஒளிப்பயணி, நீங்கள் காட்டிய பல்கலைக்கழகம் கால் நூற்றாண்டாக அதே வேலையாக இருப்பது. இங்கே கேட்டிருப்பவருக்குக் கிடைத்திருப்பது புதிதாகத் தொடங்கிய துறை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது இல்லையா?

அப்புறம், முதல் ஆறு மாதம் முந்தியிருந்தது சரி. ஐந்தாவது வருடத்தில் எப்படி இருந்தது என்று மனம் திறந்து சொல்லுங்கள். குறை காண்பதற்காகக் கேட்கவில்லை, இந்தப் பிள்ளைக்கு அது உதவும்.

ஒளிப்பயணி:
சரி அண்ணா, சொல்கிறேன்.

இரண்டாவது வருடம் ஒரு குளிர்ப் பிரதேசத் திட்டம். ஒரு ஸ்ட்ரிங்கில் (தொடராக இணைத்த வரிசையில்) 20 மாட்யூல். ஒவ்வொன்றின் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது சுமை எதுவும் இணைக்காதபோது உள்ள வோல்டேஜ், 49. மொத்தம் 980 வோல்ட், இன்வெர்ட்டரின் எல்லை 1000. பொருந்துகிறது என்று வரைபடத்தை அனுப்பிவிட்டேன். அந்த 49 என்பது 25 டிகிரியில் அளந்தது. குளிர்ந்தால் சிலிக்கானின் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.28 சதவீதம். அந்த இடத்தில் விடியற்காலை மைனஸ் 10 வரை போகும். 35 டிகிரி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடி 1076 வோல்ட். முதல் குளிர்காலத்திலேயே இன்வெர்ட்டர்கள் போயிருக்கும். மேலே பார்த்த ஓர் எலக்ட்ரிக்கல் பொறியாளர் பிடித்தார்.

வெயிலில் சூடேறினால் உற்பத்தி குறையும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதையே திருப்பிப் போட்டு, குளிரில் சுற்றுக்கு என்ன ஆகும் என்று கேட்கிற பழக்கம் வரவில்லை. மோசமான நிலையில் என்ன ஆகும் என்பதையே முதலில் கேட்கும் பழக்கம், பாதுகாப்பு ரிலே (கோளாறு வந்தால் சுற்றைத் துண்டிக்க வைக்கும் கருவி) பாடமெல்லாம் படித்தவர்களுக்குத் தானாக வருகிறது. நான் வேலையில் அடிபட்டுக் கற்றேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வேலை அறிவிப்புகளில் ‘எலக்ட்ரிக்கல் அல்லது அதற்கு இணையான பட்டம்’ என்று இருக்கும். இணையானதுதான் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் விளக்கம் கேட்கவே ஆள் இல்லை, விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிட்டது.

இவ்வளவையும் சொன்ன பிறகும் என் கட்சி இதுதான்: பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள், பெயரைப் பார்த்துத் தள்ளவும் செய்யாதீர்கள். சிலபஸை எடுத்து வைத்துப் படியுங்கள். மூன்று துறையின் பாடத்திட்டமும் எட்டு செமஸ்டருக்கும் இணையத்தில் இருக்கும்.

மின்தடம்:
சிலபஸைப் படிக்கச் சொன்னது நல்ல யோசனை. எப்படிப் படிப்பது என்று நானும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பாடங்களின் பெயரைப் பார்த்தால் எல்லாமே பிரமாதமாகத்தான் தெரியும்.

‘அறிமுகம்’, ‘அடிப்படைகள்’, ‘கண்ணோட்டம்’ என்று முடியும் பாடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு, ஒரு பாடத்தின் தொடர்ச்சியாக இன்னொரு பாடம் வருகிறதா என்று பாருங்கள். இதைப் படித்தால்தான் அதைப் படிக்கலாம் என்ற சங்கிலி எவ்வளவு நீளம்? கணக்கு மூன்றாவது செமஸ்டரில் முடிகிறதா, அந்தக் கணக்கைப் பிற்பாடு எந்தப் பாடமாவது உண்மையில் பயன்படுத்துகிறதா? சூரியன், காற்று, உயிரித்திரள், அலை, புவிவெப்பம், ஹைட்ரஜன் என்று ஆளுக்கொரு பாடம் வரிசையாக நின்று, எதற்கும் இரண்டாம் படி இல்லை என்றால், படித்து முடித்ததும் எல்லாவற்றைப் பற்றியும் பேசத் தெரியும், எதையும் கணக்கிடத் தெரியாது.

ஆய்வகத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். என்னென்ன சோதனைகள் மாணவர்கள் தங்கள் கையால் செய்கிறார்கள்? மொட்டை மாடியில் பேனல் இருக்கிறது என்றால் போதாது. அதன் கரண்ட்-வோல்டேஜ் வளைவை யார் அளக்கிறார்கள்? பாடம் நடத்துகிறவர்கள் எந்தப் பிரிவிலிருந்து வந்தவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புதிய துறை என்றால் பெரும்பாலும் மற்ற துறைகளிலிருந்து கடன் வாங்கிய ஆசிரியர்கள் இருப்பார்கள். அது குற்றமில்லை, ஆனால் அவர்கள் தங்கள் பாடத்தை இரண்டாம் தரமாக நடத்துகிறார்களா என்று இப்போது அங்கே படிப்பவர்களிடம் விசாரியுங்கள்.

அங்கீகாரத்தையும் மறந்துவிடாதீர்கள். 1989-இல் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்ட அங்கீகாரத்தை மற்றொன்று மதிக்கின்றன. பல்கலைக்கழகம் பெரியது என்பதால் அதிலுள்ள எல்லாப் பட்டத்துக்கும் அந்த அங்கீகாரம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனி. புதிய துறைக்கு இன்னும் வந்திருக்காது. பிற்காலத்தில் வேறு நாட்டில் பதிவுபெற்ற பொறியாளராக விரும்பினால் இது பெரிய வேறுபாடு.

அமைதிநதி:
என் மகனும் இதே துறையைக் கேட்கிறான், அதனால் குறுக்கிடுகிறேன். மன்னிக்கவும். இந்தத் துறை அரசின் சலுகையை நம்பி நிற்பதுதானே? சலுகை போனால் நான்கு வருடப் படிப்பு என்ன ஆகும்? பெற்றோருக்கு இதுதான் பயம்.

மின்தடம்:
ஐயா, பயப்பட வேண்டிய கேள்விதான். நடந்தும் இருக்கிறது. ஸ்பெயினில் 2008-இல் நல்ல விலை உத்தரவாதத்தால் ஒரே வருடத்தில் 2,500 மெகாவாட்டுக்கு மேல் சோலார் நிறுவினார்கள். அடுத்து அரசு வருடத்துக்கு 500 மெகாவாட் என்று உச்சவரம்பு வைத்தது. 2009-இல் சந்தை அப்படியே படுத்துவிட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள்.

இன்று நிலைமை வேறு. 2010-இலிருந்து பத்து வருடத்தில் மாட்யூல் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கியது. பல நாடுகளில் சலுகை இல்லாமலேயே மலிவான புதிய மின்சாரம் சூரியனும் காற்றும்தான். ஆனாலும் ஏற்ற இறக்கம் இருக்கவே செய்யும். ஒரு நாடு ஏல முறையை மாற்றினால் இரண்டு வருடம் வேலை வறண்டுபோகும். அந்த இரண்டு வருடத்தைத் தாண்ட வைப்பது அடிப்படைப் பட்டம். சோலார் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் அதே பவர் எலக்ட்ரானிக்ஸ்தான் மின்சாரக் காரிலும் மெட்ரோ ரயிலிலும் தொழிற்சாலை மோட்டார்களிலும் இருக்கிறது. வேண்டியபோது அங்கே போய்விட்டுத் திரும்பி வரலாம். உங்கள் மகனிடம் ஆசையை விடச் சொல்ல வேண்டாம் ஐயா. அகலமான அடித்தளத்தோடு வரச் சொல்லுங்கள்.

மண்ணாழம்:
சிவிலை யாரும் சொல்லவில்லையே. 1991-இல் டென்மார்க்கின் விண்டெபியில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை. பதினொரு டர்பைன், எல்லாம் சேர்த்து 5 மெகாவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இன்று ஒற்றை டர்பைனே 15 மெகாவாட். அதை அலையிலும் புயலிலும் நிமிர்ந்து நிற்க வைப்பது கடலடி மண்ணில் இறக்கும் எஃகுக் குழாய். எட்டு, பத்து மீட்டர் விட்டம். அந்த மண் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்பவர் மண் இயக்கவியல் படித்த சிவில் பொறியாளர். கேட்டவருக்கு சிவில் இடம் கிடைக்கவில்லை என்று தெரியும். பின்னால் இந்த இழையைப் படிப்பவர்களுக்காக எழுதினேன்.

உப்புக்கரைசல்:
அதே காரணத்துக்காக நானும். கெமிக்கல் எஞ்சினியரிங் படித்தவன், மின்பகுப்பில் ஹைட்ரஜன் எடுக்கும் கருவிகளில் வேலை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கோட்பாட்டின்படி 39.4 யூனிட் மின்சாரம் போதும். நடைமுறையில் 50-இலிருந்து 55 ஆகிறது. அந்த இடைவெளியைக் குறைப்பது முழுக்க எலக்ட்ரோகெமிஸ்ட்ரியும் வெப்பப் பரிமாற்றமும். பேட்டரிக்கும் அப்படியே. வேதியியல் பிடித்தவர்கள், ‘சோலார், காற்றாலை எனக்கு வராது’ என்று இந்தத் துறையையே கைவிட்டுவிடக் கூடாது.

புதுவிசை:
எல்லோருக்கும் நன்றி. தங்கைதான் அண்ணா.

மூன்று நாள் உட்கார்ந்து மூன்று சிலபஸையும் படித்தேன். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பட்டத்தில் கணக்கு இரண்டு தாள், மின் இயந்திரங்கள் ஒன்று, வெப்ப இயக்கவியல் ஒன்று. ‘அறிமுகம்’ என்ற பெயரில் ஒன்பது பாடம். மின்தடம் அக்கா சொன்ன சங்கிலியைத் தேடினேன். சோலாருக்கு மட்டும் இரண்டாம் படி இருக்கிறது, அதுவும் விருப்பப் பாடம். ஆய்வகம் ‘அமைக்கப்பட்டு வருகிறது’ என்று போட்டிருக்கிறார்கள். அங்கீகாரம் இன்னும் இல்லை, முதல் அணி வெளியே வந்த பிறகுதான் விண்ணப்பிப்பார்களாம்.

எலக்ட்ரிக்கலில் கணக்கு நான்கு தாள். பவர் சிஸ்டம்ஸ் இரண்டு, கண்ட்ரோல் இரண்டு, பவர் எலக்ட்ரானிக்ஸ், அதற்குப் பிறகு டிரைவ்ஸ் (மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றுகள்). ஏழாவது செமஸ்டரில் காற்று, சூரிய மின் மாற்றம் விருப்பப் பாடமாக இருக்கிறது. மெக்கானிக்கலில் பாய்ம இயக்கவியல், அதிர்வியல், ஃபைனைட் எலிமென்ட் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) எல்லாம் இருக்கின்றன, ஆனால் மின்சாரம் என்று பார்த்தால் முதல் வருடத்தில் ஒரே ஒரு தாள்.

எல்இடியைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். மெல்லிய காற்றில் 1.6 வோல்ட்! இத்தனை நாள் ஒன்றும் வரவில்லை என்று நினைத்து இறக்கையைத்தான் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தயக்கம். எலக்ட்ரிக்கல் எடுத்தால் காற்றாலை கையை விட்டுப் போய்விடுமா? இறக்கை சுற்றுவதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

காற்றுக்கோபுரம்:
போகாது தங்கச்சி. முதலில் மெக்கானிக்கல் எடு என்று சொன்னவன் நான். உன் சிலபஸ் கணக்கைப் பார்த்த பிறகு, அந்த மல்டிமீட்டர் வரியையும் படித்த பிறகு, மாற்றிச் சொல்கிறேன். நான் பாதிப் பதில் சொன்ன இடத்தில் மீதிப் பதில் உனக்கு இனித்திருக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது.

காற்றாலையில் இறக்கையும் மின்சாரமும் சந்திக்கும் இடம் கண்ட்ரோலர். காற்று கூடும்போது இறக்கையை எத்தனை டிகிரி திருப்புவது, ஜெனரேட்டர் எவ்வளவு டார்க் (சுழற்று விசை) கொடுப்பது என்று விநாடிக்குப் பலமுறை முடிவெடுப்பது அது. நல்ல கண்ட்ரோலர் இருந்தால் கோபுரத்தின் ஆட்டம் குறையும், நான் இறக்கையை இன்னும் மெலிதாக வடிவமைக்கலாம். எங்கள் குழுவில் அந்த வேலை செய்கிறவர் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு, பாய்ம இயக்கவியலை மெக்கானிக்கல் துறையில் போய் விருப்பப் பாடமாகப் படித்தவர். நீயும் அதைக் கேட்டு வாங்கு. வேறு துறைப் பாடம் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே விசாரித்துவிடு.

ஓப்பன்ஃபாஸ்ட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, அமெரிக்க ஆய்வகம் ஒன்று இலவசமாகத் தருகிறது. முழு டர்பைனையும் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். மூன்றாவது வருடத்தில் தொடு, அதற்கு முன்னால் புரியாது.

மேற்படிப்புக்கும் கதவு மூடவில்லை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் 1987-இலிருந்தே புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கென்று முதுநிலைப் படிப்பு நடக்கிறது. காற்றாலைக்கு டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நெதர்லாந்தின் டெல்ஃப்டும் பெயர் பெற்றவை. இயற்பியல், எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அங்கே வருகிறார்கள். இளநிலையில் தோண்டு, முதுநிலையில் பெயர் போட்டுக்கொள்ளலாம்.

ஒளிப்பயணி:
நானும் எலக்ட்ரிக்கல் என்றே சொல்கிறேன், இந்த மூன்றில். ஆய்வகம் இன்னும் அமைக்கப்படாத இடத்துக்கு என் கட்சி பேச மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எலக்ட்ரிக்கல் படிப்பவர்கள் சூரியனையும் காற்றையும் ‘ஒரு மூலம்’ என்று பெட்டி வரைந்து முடித்துவிடுகிறார்கள். மேகம் எப்படி நகரும், பேனலில் தூசி எப்படிப் படியும், ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் கதிர்வீச்சு எவ்வளவு மாறும் என்பது தெரியாமல் கிரிட் ஆய்வு செய்தால் எண்கள் பொய் சொல்லும். விடுமுறையில் ஒரு மாதமாவது உண்மையான நிலையத்தில் போய் நில்லுங்கள். கம்பி இழுக்கச் சொன்னாலும் இழுங்கள். பைத்தான் நிரல்மொழியும் கற்றுக்கொள்ளுங்கள், தரவுகளைக் கையாள அது இல்லாமல் இப்போது நகர முடியாது.

மின்தடம்:
ஒளிப்பயணி சொன்ன பெட்டி எங்கள் துறையின் உண்மையான குறை. ஒத்துக்கொள்கிறேன்.

புதுவிசை, கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கும். எல்இடிக்குப் பதில் 10 ஓம், 22, 47, 100 என்று சில ரெசிஸ்டர்களை வாங்கி ஒவ்வொன்றாக இணைத்துப் பாருங்கள். காற்றை ஒரே அளவில் வைக்க மேசை மின்விசிறி போதும். ஒவ்வொன்றிலும் வோல்டேஜை அளந்து, அதன் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் திறன். எந்த ரெசிஸ்டரில் திறன் உச்சம் என்று பாருங்கள். மின்விசிறியின் வேகத்தை மாற்றினால் அந்த உச்சம் இடம் மாறுகிறதா என்பதையும் பாருங்கள்.

புதுவிசை:
இன்று காலை எலக்ட்ரிக்கலில் சேர்ந்துவிட்டேன். மூன்றாவது வருடத்திலிருந்து வேறு துறையில் இரண்டு பாடம் எடுக்கலாம் என்று சொன்னார்கள். பாய்ம இயக்கவியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ரெசிஸ்டர்களை வைத்துப் பார்த்தேன். மின்விசிறி குறைந்த வேகத்தில் 47 ஓமில் உச்சம். கூடிய வேகத்தில் 22-க்கு வந்துவிட்டது. 10 ஓம் வைத்தால் காற்றாடியே மெதுவாகி நின்றுபோகிறது, கையால் பிடித்து நிறுத்தியதுபோல. அக்கா, காற்று மாற மாற இந்த ரெசிஸ்டரைத் தானாகவே மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சுற்று இருக்கிறதா?

மின்தடம்:
இருக்கிறது. ஒவ்வொரு சோலார் இன்வெர்ட்டருக்குள்ளும் அதைத்தான் ஓடவிடுகிறோம். அதிகபட்சத் திறனைத் தேடிக்கொண்டே இருக்கும் கண்ட்ரோல். அதன் மிக எளிய வடிவம் இதுதான்: கொஞ்சம் மாற்று, திறன் கூடினால் அதே திசையில் போ, குறைந்தால் திரும்பு. ஒரு ஆர்டுயினோவும் (நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) ஒரு சின்ன டிசி-டிசி கன்வெர்ட்டரும் இருந்தால் நீங்களே எழுதிவிடலாம். மோட்டாரின் பின்பக்கம் ஏதாவது எண் அச்சிட்டிருந்தால் இங்கே போடுங்கள், எந்த கன்வெர்ட்டர் தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.